வண்ணத்தைப் பார்க்குமுன் கதவைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: பர்மிங்காமில் முப்பது ஆண்டுகளாக வசித்துவரும் நான், சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். நண்பர் ஒருவர் மூலமாக 1928-ஆம் ஆண்டு ஆஸ்டின் டுவெல்வ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. துணிக்கூரை போட்ட, ஐந்து பேர் அமரக்கூடிய திறந்த டூரர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முழுமையாகப் புதுப்பித்ததாக உரிமையாளர் சொல்கிறார். கடந்த ஆறு ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. கருநீலமும் கறுப்புமாக வண்ணம் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஓட்டிப் பார்த்தபோது அரை மணி நேரம் நன்றாக ஓடியது; பிறகு இருமிக்கொண்டே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் ஆறிய பிறகே மறுபடி கிளம்பியது. என் மருமகன், 'எஞ்சின் போய்விட்டது, வேண்டாம் மாமா' என்கிறார். ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிவர ஆசை. பன்னிரண்டு குதிரைத்திறன்தான் என்கிறார்களே, மேடு ஏறுமா? இதை வாங்கலாமா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை அச்சுறுத்திய செய்தி ஒன்றும் மகிழ்வித்த செய்தி ஒன்றும் அதில் இருக்கின்றன. கவென்ட்ரிக்கு அருகில் பட்டறை வைத்து, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துப் பிரிட்டிஷ் கார்களை இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டிவருபவன் என்ற முறையில், அவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் நின்றது பெரும்பாலும் ஒரே ஒரு உறுப்பைக் கழற்றிச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் குறை. மின்னுகிற வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், காரின் விலையைப் போல் இன்னொரு மடங்கு செலவு காத்திருக்கக்கூடும்.

எஞ்சினை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குளிர்ந்த நிலையில் சுறுசுறுப்பாகக் கிளம்பி, அரை மணி நேரம் ஓடி, சூடேறியதும் இருமி நின்று, ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி கிளம்புகிற அக்காலத்துக் காரைப் பார்த்தால் என் கை நேராக மேக்னட்டோவுக்குத்தான் போகும். உங்கள் காரில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு இணைந்த மேக்னட்டோவுக்குள், காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று சுழல்கிறது. அதுவே மின்சாரத்தை உண்டாக்கி, அதுவே அதன் அழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து அனுப்புகிறது. அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொள்ளாதபடி அக்காலத்தில் பூசிய காப்பு அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளின் மேல் பூச்சிகள் கட்டுகிற அதே அரக்குதான். அது சூட்டில் இளகும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். சுருளோடு சேர்ந்து சுழலும் கண்டன்சரும் (மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் உறுப்பு) மூப்படைந்தால், சூடேறும்போது மின்சாரத்தைக் கசியவிடும். இதனால் குளிர்ந்திருக்கும் வரை போதுமானதாக இருக்கிற தீப்பொறி, எஞ்சினின் சூடு மேக்னட்டோவுக்குள் ஏறியதும் மெலிந்து மறைகிறது. ஆறியதும் திரும்பி வருகிறது. நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் இதனோடு பொருந்துகின்றன.

ஆனால் பெட்ரோலும் இதே அடையாளத்தைக் காட்டக்கூடும் என்பதால், பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் இந்நாட்டில் விற்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. சூடான எஞ்சினை ஒட்டிச் செல்லும் குழாயில் எரிபொருள் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது பழைய கார்களில் அடிக்கடி நடக்கிறது. இரண்டில் எது என்பதைக் கண்டறிய, கார் நின்ற அந்த நிமிடத்திலேயே, ஆறுவதற்கு முன், இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் கிண்ணத்தை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி முழுதும் கலைய விடுங்கள். பிறகு உதிரிப் பிளக் ஒன்றைக் கம்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் மேல் அமர்த்தி வைத்து, கம்பியைக் கையால் தொடாமல், இன்னொருவரை, எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றச் சொல்லுங்கள். தடித்த நீலப் பொறி வந்தால் மேக்னட்டோ நலமாக இருக்கிறது. மஞ்சளாக, நூல்போல் மெலிந்த பொறி வந்தாலோ, பொறியே வராவிட்டாலோ குறை எங்கே என்பது தெரிந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் வேல்ஸ் மலைப்பாதை ஒன்றில், மழையில், வாடிக்கையாளர் ஒருவரின் காரோடு ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். கார்புரேட்டரில் தூசி என்று எண்ணி மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு முறையும் பூட்டியவுடன் கார் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தில் நின்றது. நான் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டி முடிக்கும் நேரம், மேக்னட்டோ ஆறுவதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து சூட்டில் நிற்கிற காரை ஆறவிடாமல் சோதிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். மேக்னட்டோவைக் கழற்றி, சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டன்சரை மாற்றித் தருகிற நிபுணர்கள் இந்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். வேலை முடிந்த பின் அதைச் சூடேற்றிய நிலையில் பெஞ்சில் ஓடவிட்டுச் சோதித்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். முழுக் காரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. மருமகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருடைய கவலை நியாயமானது, குறையை மட்டும் இடம் மாற்றிக் கண்டிருக்கிறார்.

இனி வண்ணத்துக்கு வருவோம். 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற தொடருக்கு வரையறை கிடையாது. ஒருவர் காரைக் கடைசி நட்டு வரை பிரித்து, அழுகிய மரத்தை மாற்றி, பேரிங்குகளைப் புதிதாக வார்த்துச் சேர்த்ததற்கும் அந்தப் பெயர்தான். இன்னொருவர் பழைய தகட்டின் மேல் புட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்து, இருக்கைக்குப் புதுத் தோல் போட்டதற்கும் அந்தப் பெயர்தான். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

உங்கள் காரின் உடல், இன்றைய கார்களைப் போல் தகடுகளைப் பற்றவைத்து அமைத்த கூடு அல்ல. எஃகுச் சட்டத்தாலான சேஸிஸின் மேல் ஆஷ் மரத்தில் தச்சர்கள் ஒரு கூடு கட்டினார்கள். தகடு அந்தக் கூட்டின் மேல் ஆணியாலும் திருகாலும் போர்த்திய தோல் மட்டுமே. ஆஷ் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோடரிக் காம்புக்கும் ஹாக்கி மட்டைக்கும் பயன்படுகிற மரம் அது. எடை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், வளைத்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுகும்போது கூடும் அதனோடு சேர்ந்து முறுகியாக வேண்டும் என்பதால் இந்தக் குணம் தேவைப்பட்டது. ஆனால் தண்ணீர் தேங்கினால் ஆஷ் விரைவில் மக்கிவிடும். திறந்த காரில், துணிக்கூரையின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுத் தூணின் அடியிலும், பின் சக்கர வளைவின் மேலும், தரைப்பலகையின் விளிம்பிலும் சென்று தங்கும். வெளியே வண்ணம் குறையில்லாமல் இருக்க, உள்ளே தூணின் கடைசி நான்கு அங்குலம் ஊறிய ரொட்டியைப் போல் ஆகியிருந்த கார்களைப் பல முறை பிரித்திருக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை போகும்போது, வண்ணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ஓட்டுநர் பக்கத்துக் கதவைப் பாதியளவு திறந்து, பூட்டு இருக்கும் ஓரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக மேல்நோக்கித் தூக்குங்கள். கதவு சற்றே ஆடினால், ஆட்டம் எங்கே நிகழ்கிறது என்று கீலைக் கூர்ந்து பாருங்கள். கீலின் ஊசி தேய்ந்து அங்கே ஆடினால் அது சிறிய வேலை. கீல் அசையாமல், அது திருகப்பட்டிருக்கும் தூணே தகட்டோடு சேர்ந்து அசைந்தால், அந்தத் தூணின் மரம் போய்விட்டது என்று பொருள். எல்லாக் கதவுகளிலும் இதைச் செய்யுங்கள். பிறகு பின்னிருக்கையின் மெத்தையை எடுத்துவிட்டு, டார்ச் விளக்கோடு குனிந்து, சக்கர வளைவை ஒட்டிய மரத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல ஆஷ் நகத்தை ஏற்காது. விரல் கணுவால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும், மண் வாசனையும் வரும். மரத்தின் மேல் கறுப்புச் சாயம் புதிதாக அடித்திருந்தால் கூடுதல் கவனத்தோடு அழுத்துங்கள். மரம் போயிருந்தால் அதை மாற்றத் தகடுகளைக் கழற்ற வேண்டும். தகடுகளைக் கழற்றினால் நீங்கள் மெச்சிய வண்ணம் தப்பாது. தச்சு வேலையே நூற்றுக்கணக்கான மணி நேரம் எடுக்கும். செலவு அங்கேதான் பெருகுகிறது.

திருகுகளும் நட்டுகளும்கூடச் சாட்சி சொல்லும். 1928-இல் மரத்தில் போட்ட திருகுகளின் தலையில் நேர்க்கோடாக ஒரே வெட்டு இருக்கும். கூட்டல் குறி வெட்டுள்ள திருகு 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. கதவுத் தூணில் அதைக் கண்டால், பிற்காலத்தில் யாரோ அவசரமாகக் கைவைத்திருக்கிறார்கள். அதைப் போலவே, இந்தக் கார்களின் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவைச் சார்ந்தவை. அந்த ஸ்பேனர்களில் எழுதியிருக்கும் எண், நட்டின் அகலத்தை அல்ல, போல்ட்டின் குறுக்களவைக் குறிக்கும். அந்த அளவு அறியாதவர்கள் கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளை மழுக்கிவிடுவார்கள். பானெட்டைத் திறந்ததும் பளபளப்பான எஞ்சினில் மூலை மழுங்கிய நட்டுகள் வரிசையாகத் தெரிந்தால், அதைப் புதுப்பித்தவரின் பொறுமையை அவை எனக்குச் சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே அப்படிச் செய்தவர், தெரியாத இடத்தில் கவனமாக இருந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

உரிமையாளரிடம் புகைப்படங்களைக் கேளுங்கள். உண்மையாகவே காரைப் பிரித்துப் புதுப்பித்தவர்கள் தகடு இல்லாமல் மரக்கூடு மட்டும் நிற்கும் படத்தையும், சேஸிஸ் வெறுமையாகக் கிடக்கும் படத்தையும், பட்டறைகள் கொடுத்த ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்கள். கோப்பே இல்லை என்றால், வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் நடந்ததற்காக விலை கொடுக்க வேண்டியதும் இல்லை.

அந்தக் கோப்பில் இன்னொன்றையும் தேட வேண்டும். ஆஸ்டின் டுவெல்வின் ஐந்து பேர் அமரும் திறந்த உடலுக்கு அந்நாளில் கிளிஃப்டன் என்று பெயர். மூடிய உடலோடும் அதே கார் பெருமளவில் விற்றது. இன்று திறந்த கார்களுக்கு விலை கூடுதல் என்பதால், பழுதடைந்த மூடிய காரின் உடலை எறிந்துவிட்டு, அதே சேஸிஸ் மேல் புதிதாக டூரர் உடல் கட்டி விற்பது நெடுநாளாக நடந்துவருகிறது. கைத்திறனோடு செய்தால் அதுவும் ஓட்டுவதற்கு அருமையான கார்தான். அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் தொழிற்சாலையில் பிறந்த டூரருக்கும் பிற்காலத்தில் டூரராக்கிய காருக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், பழைய பதிவுப் புத்தகத்தில் உடல் வகை என்று எழுதியிருப்பது, இவை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். காரின் பதிவெண் அது பிறந்த காலத்ததா, பின்னாளில் அதன் வயதுக்கு ஏற்பக் கொடுத்ததா என்பதையும் கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில் பதிவுகள் கணினிக்கு மாறியபோது பெயர் கொடுக்கத் தவறிய கார்கள் தம் பழைய எண்ணை இழந்தன. அந்த எண்ணைச் சான்றுகளோடு மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

எஞ்சினுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம். இன்றைய எஞ்சின்களில் பேரிங் தேய்ந்தால் பெட்டியைத் திறந்து புதியதைப் போடலாம். அக்காலத்தில் ஈயத்தைப் போல் மென்மையான, வெள்ளீயம் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி, இருப்பிடத்திலேயே வார்த்து, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சில நிமிடங்கள் ஆயில் கிடைக்காமல் ஓடினாலே அது இளகிப் போய்விடும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை டுவெல்வில் ஐந்து இடங்களில் தாங்கியிருக்கிறார்கள். அந்த விலைக்கு அது தாராளமான அமைப்பு. இதே எஞ்சின் லண்டன் டாக்ஸிகளில் நெடுங்காலம் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓட்டிப் பார்க்கும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துச் செல்லும்போது அடியிலிருந்து மந்தமான தட்டல் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். தட்டல் இருந்தால் வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஆறு ஆண்டுகள் நின்ற காரை உரிமையாளர் அப்படியே ஸ்டார்ட் செய்து உங்களிடம் கொடுத்தார் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு நாளில் பேரிங்குகளிலிருந்தும் சிலிண்டர் சுவர்களிலிருந்தும் ஆயில் வடிந்து உலர்ந்திருக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி, ஹேண்டிலால் நிதானமாகச் சுற்றி, பிரஷர் முள் அசையத் தொடங்கிய பிறகே பிளக்குகளைப் பூட்டியிருக்க வேண்டும். இனி நீங்கள் ஹேண்டில் அடிக்க நேரும்போது ஒரு பழக்கத்தை விடாமல் கைக்கொள்ளுங்கள்: தீப்பொறி நேரத்தை மாற்றும் நெம்புகோலைத் தாமத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இழுங்கள். கட்டை விரலை மறுபக்கம் கொடுத்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறியும். அதைப் பட்டறையில் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆயிலைப் பற்றி உரிமையாளரைக் கேளுங்கள். எஞ்சினைத் திறந்து சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால், அடியில் பல்லாண்டுச் சேறு படிந்திருக்கும். அழுக்கைக் கரைக்கும் இன்றைய ஆயிலை ஊற்றினால் அந்தச் சேறு கிளம்பிக் குழாய்களை அடைத்துவிடும். கியர் பெட்டிக்கு, வெண்கலத்தை அரிக்காத ஆயில்தானா என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள். பெட்ரோலில் எத்தனால் குறைந்த உயர்தர வகையையே நிரப்பி, பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்குகிற வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பன்னிரண்டு குதிரைத்திறன் என்பது நீங்கள் நினைப்பதுபோல் எஞ்சினின் வலிமை அல்ல. அது வரிக் கணக்கு. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அரசு ஏற்றுக்கொண்ட குதிரைத்திறன். டுவெல்வின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், கணக்கிட்டால் 12.8 வரும். 1921 முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வரி. அந்தச் சூத்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் பயணம் செய்யும் தூரத்துக்கு இடமே இல்லை. எனவே வரியைக் கூட்டாமல் வலிமையைக் கூட்ட, விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தை நீட்டினார்கள். 1921-இல் 102 மில்லிமீட்டராக இருந்த அந்தத் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, 1920களின் நடுவில் 114.5 மில்லிமீட்டர் ஆக்கியபோது, எஞ்சினின் கொள்ளளவு 1660 கன சென்டிமீட்டரை ஒட்டிய அளவிலிருந்து 1860-ஐ ஒட்டி உயர்ந்தது; வரி மட்டும் அங்கேயே நின்றது. உண்மையான வலிமை முப்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு.

இப்படி நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே வலுவாக இழுக்கும். அதிகச் சுழற்சியை விரும்பாது. மேட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். உங்கள் ஊருக்குத் தெற்கே லிக்கி குன்றுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அருகிலுள்ள லாங்பிரிட்ஜில்தான் இந்தக் கார் பிறந்தது. 1905-இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் அங்கே தொடங்கிய நிறுவனம், 1921-இல் கடன் தாளாமல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனபோது, அதை மீட்டவை இந்த டுவெல்வும் அடுத்து வந்த குட்டிக் காரான செவனும்தான். சரியான கியரில் போட்டால் குன்றின் மேல் ஏறிவிடும், நிதானமாக ஏறும். சமதளத்தில் மணிக்கு 35 மைல் அதற்கு இயல்பான நடை. 50-ஐ எட்ட வைக்க முயன்றால் அந்த வெள்ளை உலோகப் பேரிங்குகள்தான் துன்பப்படும். நெடுஞ்சாலைகளை விட்டுக் கிராமப் பாதைகளில் ஓட்டுங்கள்.

கியர் மாற்றப் பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆகும். பற்சக்கரங்களை இசைவிக்கும் அமைப்பு இதில் இல்லை. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, குறைந்த கியருக்கு இறங்குவதானால் எஞ்சினை ஒரு முறை முடுக்கி, மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். அக்காலத்துக் கார்கள் சிலவற்றில் ஆக்ஸிலரேட்டர் நடுவிலும் பிரேக் வலப்புறத்திலும் இருக்கும் என்பதால், உட்கார்ந்ததும் காலால் தேடாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக்குகள் தண்டுகளாலும் கம்பிகளாலும் இயங்குபவை. முன்னால் போகிற காருக்கும் உங்களுக்கும் இடையே, இன்றைய காரில் விடுவதைப்போல் மும்மடங்கு இடைவெளி விடுங்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. இருக்கைப் பட்டை இல்லாத பழைய காரில், மூன்று வயது நிறையாத குழந்தையை ஏற்றிச் செல்லச் சட்டம் இந்நாட்டில் அனுமதிப்பதில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை பின்னிருக்கையில் மட்டுமே அமரலாம். எனவே மூத்த பேரக் குழந்தை பின்னால் பாட்டியோடு வரலாம்; இளையவர் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பட்டை பொருத்திவிடலாமே என்று தோன்றும். மரக்கூட்டில் திருகிய பட்டை, விபத்தில் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அது பாதுகாப்பு இருப்பதாக ஒரு மயக்கத்தை மட்டுமே தரும். சேஸிஸோடு எஃகுத் தாங்கிகளால் பிணைத்து, தகுதியுள்ள பொறியாளர் பொருத்தினால் அன்றி அந்த வேலையில் இறங்காதீர்கள். இறங்கினாலும், பட்டை வந்த பிறகு குழந்தைக்கு உரிய இருக்கையும் வேண்டும். கூரையும் பக்கச் சட்டமும் இல்லாத காரில் நான் என் சொந்தக் குழந்தைகளை ஐந்து வயதுக்குப் பிறகே ஏற்றினேன். ஊருக்குள் மட்டுமே, அதுவும் மெதுவாக ஓட்டினேன்.

மற்றச் சட்டக் காரியங்கள் எளியவை. 40 ஆண்டுகளைக் கடந்த வரலாற்று வாகனம் என்பதால் சாலை வரி கட்டணம் இல்லை, ஆனால் ஆண்டுதோறும் பதிவு செய்தாக வேண்டும். 1960-க்கு முந்தைய கார்களுக்கு 2012 நவம்பரிலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை நல்ல பட்டறையில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதித்துக்கொள்ளுங்கள். தகுதியற்ற காரை ஓட்டினால் பொறுப்பு உங்களுடையதே. பர்மிங்காம் நகர மையத்தின் தூய காற்று மண்டலத்திலும் வரலாற்று வாகனங்களுக்குக் கட்டணம் கிடையாது. காப்பீட்டை, விபத்துக்கு முன்பே மதிப்பை ஒப்புக்கொள்கிற வகையில் எடுங்கள்.

வாங்கிய பிறகு எதை மாற்றலாம் என்று கேட்கப் போகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடியின் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடி என்பதற்கான முத்திரை இல்லை என்றால், அதை முதல் வேலையாக மாற்றுங்கள். பழைய சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திகளாகச் சிதறும். பின்விளக்கை இன்னும் பிரகாசமாக்குங்கள், திரும்பும் திசை காட்டும் விளக்கு பொருத்துங்கள், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் தீயணைப்பானும் வையுங்கள். இவற்றை ஒரு துளைகூடப் போடாமல் செய்ய முடியும். வேறொன்றையும் மாற்றாதீர்கள். மேக்னட்டோவை எறிந்துவிட்டு நவீன இக்னிஷன் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். இருக்கையின் தோல் எந்த மூலையிலாவது பழையதாக, வெடித்துச் சுருங்கி எஞ்சியிருந்தால், அதை மாற்றாமல் எண்ணெய் தடவிக் காப்பாற்றுங்கள். 1928-இல் ஒரு தொழிலாளியின் கை தைத்த தையலை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. புதிதாக எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது புதிய தையல்தான்.

என் தீர்ப்பு இது: மரக்கூடு உறுதியாக இருந்து, சூடான எஞ்சினில் தட்டல் இல்லாமல், காகிதங்கள் ஒத்துவந்தால், மேக்னட்டோவைப் பழுதுபார்க்கும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு தயங்காமல் வாங்குங்கள். கூடு போயிருந்தால், உரிமையாளர் எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். இந்தக் கார்கள் ஓரளவு எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கின்றன, இன்னொன்று வரும். ஓர் ஈரமான நாளில், துணிக்கூரையை விரித்து நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பார்க்கப் போங்கள். டார்ச் விளக்கும், முட்டி போட ஒரு பழைய சாக்கும், உதிரிப் பிளக் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மருமகனையும் அழைத்துச் செல்லுங்கள், ஹேண்டில் சுற்ற ஆள் வேண்டும். நான்கு கதவுகளில் எது எவ்வளவு அசைந்தது, எங்கே அசைந்தது என்று எழுதி அனுப்புங்கள். விலையைப் பற்றி அதன்பின் பேசலாம்.